“எது நெசம், தம்பி?” – ஒரே குவெரி 61 இடத்தில் கிடந்த கதை

2019 ஏப்ரல் முதல் வாரம். திருநெல்வேலியில் ஒரு மொத்த மருந்து வியாபார நிறுவனத்தில் பில்லிங் சாஃப்ட்வேரைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம். கணக்கு பார்க்கும் அண்ணாச்சி இரண்டு பிரிண்ட் அவுட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒன்று லைன் (விற்பனைப் பையன் ஒருவர் சுற்றிவரும் கடைகளின் தொகுப்பு) வாரியாக மார்ச் மாத விற்பனை, இன்னொன்று கம்பெனி வாரியாக அதே மார்ச் மாத விற்பனை. எப்படிப் பிரித்தாலும் அடியில் வரும் மொத்தம் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இரண்டுக்கும் நடுவே இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

“இந்த ரெண்டுல எது நெசம், தம்பி?”

“பாத்துச் சொல்றேன் அண்ணாச்சி” என்றேன். அவர் போனதும் நானே புதிதாக ஒரு குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளை, எழுதி ஓட்டினேன். அது மூன்றாவதாக ஒரு தொகையைக் காட்டியது.

எங்களிடம் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தனித்தனி ஃபைல். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் பேசும் மொழி) குவெரி ஒன்று இருக்கும். விற்பனை டேபிளின் பெயரைப் போட்டு மொத்த ஃபோல்டரிலும் தேடினேன். 61 ஃபைல்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தால், முதல் 20 வரி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பில் டேபிளையும் பில்லின் ஐட்டம் டேபிளையும் ஜாயின் செய் (இணை), கேன்சல் ஆன பில்லை விடு, ரிட்டர்னைக் கழி, தேதியை வடிகட்டு. அதற்குப் பிறகுதான் லைன் வாரியா, கம்பெனி வாரியா, கடை வாரியா என்று வேறுபடும். யாரும் சோம்பேறித்தனத்தால் இப்படிச் செய்யவில்லை. “சாயங்காலத்துக்குள்ள வேணும்” என்று ஒரு ரிப்போர்ட் கேட்பார்கள். பக்கத்தில் இருப்பதைத் திறந்து, காப்பி எடுத்து, இரண்டு வரி மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது. அந்த 61-ல் ஐந்து நான் எழுதியவை.

எதையும் திருத்துவதற்கு முன் ஒன்று செய்தேன். இன்றுவரை யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன். ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து, ஒரு ரிப்போர்ட்டுக்கு ஒரு வரி என 61 வரி போட்டேன். கேன்சலை எப்படிச் சோதிக்கிறது, தேதியை எப்படி வடிகட்டுகிறது, ரிட்டர்னைக் கழிக்கிறதா, ஜிஎஸ்டி வரியைச் சேர்க்கிறதா என்று நான்கு கேள்வி. நிரப்ப இரண்டு நாள் ஆனது. அந்த ஷீட்டைப் பார்த்த பிறகுதான் தொகைகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

கேன்சலை மூன்று விதமாகச் சோதித்திருந்தார்கள். பில் டேபிளில் நிலையைக் குறிக்க ஒரு ஃபீல்டு உண்டு, கேன்சல் ஆனால் அதில் ‘சி’ என்ற எழுத்து ஏறும். 23 ரிப்போர்ட்டுகளில் “நிலை ‘சி’-க்குச் சமமில்லை” என்பதே நிபந்தனை. படித்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் கவுண்டரில் பில் போடும் பழைய ஸ்கிரீன் அந்த ஃபீல்டைத் தொடுவதே இல்லை. அங்கே ‘நல்’ (NULL) கிடந்தது. எஸ்கியூஎல்லில் ‘நல்’ என்பது வெற்று எழுத்தும் அல்ல, பூஜ்யமும் அல்ல, “தெரியாது” என்று அர்த்தம். தெரியாத ஒன்று ‘சி’-க்குச் சமமில்லையா என்று கேட்டால் விடையும் “தெரியாது” என்றே வரும். வரிகளை வடிகட்டும் ‘வேர்’ (WHERE) நிபந்தனையோ “ஆம்” என்று வந்த வரிகளை மட்டும்தான் உள்ளே விடும். ஆக, அந்த 23 ரிப்போர்ட்டுகளில் கவுண்டர் விற்பனை மொத்தமும் சத்தமில்லாமல் விழுந்துபோயிருந்தது. எரர் எதுவும் வராது. தொகை மட்டும் குறையும்.

தேதியில் இன்னொரு ஓட்டை. “மார்ச் 1-க்கும் மார்ச் 31-க்கும் பிட்வீன்” என்று பலவற்றில் எழுதியிருந்தது. பில் தேதி ஃபீல்டில் தேதியோடு நேரமும் சேர்ந்து இருக்கிறது. வெறும் மார்ச் 31 என்று எழுதினால் டேட்டாபேஸ் அதை 31-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்ளும். காலை 9 மணிக்குப் போட்ட பில் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அந்த வருடம் மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை. ஆண்டு முடிவு என்பதால் அன்றும் திறந்து, ராத்திரி வரை பில் போட்டார்கள். மாதத்திலேயே கனமான அந்த ஒரு நாள் பாதி ரிப்போர்ட்டுகளில் இல்லை. இப்போது நான் பிட்வீனைத் தேதிக்குப் பயன்படுத்துவதே கிடையாது. “மார்ச் 1 அல்லது அதற்குப் பின், ஏப்ரல் 1-க்கு முன்” என்று இரண்டு நிபந்தனையாக எழுதுகிறேன். மாதம் 28 நாளா 31 நாளா என்ற கவலையும் இல்லை. ஃபீல்டின் மேல் ஆண்டையும் மாதத்தையும் பிரிக்கும் ஃபங்ஷனைப் போடாததால் தேதிக்கென்று இருக்கும் இண்டெக்ஸும் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) வீணாகாது.

எஸ்கியூஎல்லின் ஆரம்ப வடிவத்தை 1974-ல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் முன்வைத்தபோது, அதன் அடிப்படை எண்ணமே “எப்படி எடுப்பது என்று சொல்லாதே, என்ன வேண்டும் என்று சொல்” என்பதுதான். அதை நினைத்துக்கொண்டு அந்த ஷீட்டைப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரித் தெரிந்தது. எங்கள் நிறுவனத்தில் “விற்பனை என்றால் என்ன” என்பதை 61 ஃபைல்களில் விதவிதமாகச் சொல்லி வைத்திருந்தோம். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப டைப் செய்வது பெரிய கஷ்டமே அல்ல. ஒரு வார்த்தைக்கு இத்தனை அர்த்தம் இருப்பதுதான் கஷ்டம்.

அதனால் அடுத்த வேலை கம்ப்யூட்டரில் நடக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சியையும், லைன் ஆட்களைக் கவனிக்கும் மேனேஜரையும் ஒன்றாக உட்காரவைத்து, விற்பனை என்றால் என்ன என்று கேட்டேன். ரிட்டர்னைக் கழிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து, எக்ஸ்பைரி ரிட்டர்ன் வரும்வரை. காலாவதியான மருந்தைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினால் அது கணக்கில் கழியத்தான் வேண்டும் என்றார் அண்ணாச்சி. மேனேஜர் விடவில்லை. “ஆறு மாசத்துக்கு முன்ன வித்த சரக்கு அண்ணாச்சி. அதைக் கம்பெனிகிட்ட கிளெய்ம் வாங்கிடுவோம். அதுக்காக இந்த மாசம் ஓடி ஓடி வித்த பையனோட டார்கெட்ல கை வைக்க முடியுமா?”

இருவர் சொன்னதும் சரிதான். ஆகவே ஒன்று அல்ல, இரண்டு விற்பனைகள் இருக்கின்றன என்று முடிவுக்கு வந்தோம். “கணக்கு விற்பனை” ஒன்று, “லைன் விற்பனை” ஒன்று. எந்த ரிப்போர்ட்டுக்கு எது என்று 61 வரிக்கும் எதிரே எழுதினோம். அந்த இரண்டு மணி நேரம் நடக்காமல் இருந்திருந்தால், இரண்டையும் நானே ஒன்றாக்கி, யாராவது ஒருவருக்குத் தப்பான தொகையைச் சுத்தமான குவெரியில் கொடுத்திருப்பேன். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு குவெரிகளைச் சேர்ப்பதற்கு முன், நாளை ஒன்றின் விதி மாறினால் மற்றதும் மாற வேண்டுமா என்று கேட்டுப்பாருங்கள். வேண்டாம் என்றால் அவை இரட்டையர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள். தனியாகவே இருக்கட்டும்.

பிறகு இரண்டு வியூ எழுதினேன். வியூ என்பது பெயர் வைத்துச் சேமித்த குவெரிதான், அதற்குள் தரவு எதுவும் கிடையாது. பில்லில் உள்ள ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு வரி. விற்பனை என்றால் தொகை கூட்டலாகவும், ரிட்டர்ன் என்றால் கழித்தலாகவும் வரும். கேன்சல் சோதனை, ‘நல்’ சமாளிப்பு எல்லாம் வியூவுக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே ரிப்போர்ட்டில் எஞ்சுவது நாலைந்து வரி: இந்த வியூவிலிருந்து எடு, இந்தத் தேதிக்குள், இந்த வாரியாகக் கூட்டு. 20 வரி இருந்த இடத்தில் ஒரு பெயர்.

இதை எழுதும்போது முதலில் தவறிவிட்டேன். வியூவுக்குள்ளேயே மாத வாரியாக குரூப் பை (ஒரே வகை வரிகளைச் சேர்த்து ஒன்றாக்குவது) போட்டு, கூட்டிய தொகையாக வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது, ஓட்டினால் 40 செகண்ட் பிடித்தது. அப்போது எங்களிடம் இருந்தது மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் 5.7 பதிப்பு. அதில் குரூப் பை இல்லாத எளிய வியூவாக இருந்தால், வெளியே எழுதும் நிபந்தனையை உள்ளே இருக்கும் குவெரியோடு கலந்து ஒரே குவெரியாக ஓட்டும், இண்டெக்ஸ் வேலை செய்யும். குரூப் பை இருந்தால் கலக்க முடியாது. முதலில் முழு வியூவையும் தற்காலிக டேபிளாகக் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் நம் நிபந்தனையைப் பார்க்கும். ஒரு மாதம் கேட்டாலும் இத்தனை வருட பில்லையும் கூட்டி முடித்த பிறகுதான் அந்த ஒரு மாதம் வரும். குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் கட்டளையைப் போட்டுப் பார்த்ததும் புரிந்தது. கூட்டும் வேலையை வெளியே கொண்டுவந்தேன், ஒரு செகண்டுக்குள் வந்துவிட்டது.

மாற்றிய ரிப்போர்ட்டை உடனே கொடுக்கவில்லை. பழைய குவெரி, புதிய குவெரி இரண்டையும் யூனியன் ஆல் வைத்து ஒட்டி, எல்லா ஃபீல்டுக்கும் குரூப் பை போட்டு, எண்ணிக்கை 1 ஆக இருப்பதை மட்டும் கேட்டேன். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் வரி 2 என்று வரும், ஒற்றையாக வருவதெல்லாம் வித்தியாசம். ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் காரணத்தை எழுதிவைத்து, அண்ணாச்சி பார்த்துத் தலையாட்டிய பிறகே பழைய ஃபைலை எடுத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அவசரப்படவே கூடாத இடம் இது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை எளிமையாக்கும் ஆசை ஒரு கட்டத்தில் எல்லை மீறிவிட்டது. 2020-ல் எல்லா ரிப்போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைக்கும் புரோகிராம்) எழுதினேன். எந்த வாரியாகக் கூட்டுவது, வரி சேர்ந்ததா இல்லையா, எந்த விற்பனை என்று ஒன்பது விவரங்களைக் கொடுத்தால் உள்ளே குவெரியைத் தானே தைத்து ஓட்டும். மூன்று மாதத்தில் அதை என்னாலேயே படிக்க முடியவில்லை. ஒரு ரிப்போர்ட்டுக்காக ஒரு இடத்தில் கை வைத்தால் வேறு நான்கு ஆடும். முழுவதையும் எடுத்துவிட்டு, சின்னச் சின்ன குவெரிகளுக்கே திரும்பினேன். விதி ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஆனால் லைன் வாரி ரிப்போர்ட்டும் கம்பெனி வாரி ரிப்போர்ட்டும் தனித்தனி ஃபைலாக, நாலு நாலு வரியில் கிடந்தால் எந்தக் குறையும் இல்லை.

அடுத்து வந்தது பாக்கிப் பட்டியல். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தப்பைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஒரு கடைக்கு மூன்று பில்: 4,000, 2,500, 3,500. மொத்தம் 10,000. அந்தக் கடையிலிருந்து இரண்டு வசூல்: 5,000, 2,000. மொத்தம் 7,000. பாக்கி 3,000. இப்போது கடை டேபிளோடு பில் டேபிளையும் வசூல் டேபிளையும் ஒரே குவெரியில் ஜாயின் செய்து கூட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே இரண்டு வசூலும் வந்து நிற்கும். மூன்றும் இரண்டும் பெருகி ஆறு வரி. பில் தொகை இரு மடங்காகி 20,000. வசூல் மூன்று மடங்காகி 21,000. நமக்கு 3,000 தர வேண்டிய கடைக்கு நாம் 1,000 தர வேண்டியதாகப் பட்டியல் சொல்லும்.

எங்கள் பழைய குவெரியில் இதை யாரோ கவனித்து, கூட்டும்போது டிஸ்டிங்க்ட் (ஒரே தொகை திரும்ப வந்தால் ஒரு தடவை மட்டும் எடுப்பது) போட்டு ஒட்டுப் போட்டிருந்தார்கள். அப்போது 20,000 என்பது 10,000 ஆகிவிடும், சரியாகிவிட்ட மாதிரித் தெரியும். அதே கடைக்கு 2,500 ரூபாயில் இரண்டு பில் இருந்தால், இரண்டில் ஒன்றை விழுங்கிவிடும். எந்தக் கடைக்காரரும் “எனக்குப் பாக்கி குறைவாகக் காட்டுகிறது” என்று வந்து சொல்ல மாட்டார் என்பதால் அது நீண்ட நாள் தெரியாமலே இருந்தது. சரியான வழி, பில்லைக் கடை வாரியாகத் தனியாகக் கூட்டு, வசூலைக் கடை வாரியாகத் தனியாகக் கூட்டு, இரண்டிலும் கடைக்கு ஒரு வரி என்று ஆன பிறகு ஜாயின் செய். எங்கேயாவது தொகை ஊதிப்போய், அதை டிஸ்டிங்க்ட் போட்டு அடக்கியிருப்பதைப் பார்த்தால் முதலில் ஜாயினைத்தான் சந்தேகப்படுகிறேன்.

இப்படித் தனித்தனியாகக் கூட்டி வைத்துக்கொள்வதற்கு ‘வித்’ (WITH) என்று ஒரு வசதி இருக்கிறது. குவெரியின் தலையிலேயே “இது பில் மொத்தம், இது வசூல் மொத்தம்” என்று பெயர் வைத்துவிட்டு, கீழே அந்தப் பெயர்களை டேபிள் மாதிரிப் பயன்படுத்தலாம். எஸ்கியூஎல் தரத்தில் 1999-லேயே சேர்ந்துவிட்டது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் 2009-ல் 8.4 பதிப்பிலும், மைஎஸ்கியூஎல்லில் 2018-ல் வெளியான 8.0-விலும்தான் வந்தது. என்னைப் போல 5.7-ல் பழகியவர்கள் குவெரிக்குள் குவெரி, அதற்குள் இன்னொன்று என்று அடைப்புக்குறிகளை அடுக்கியே எழுதிவந்தோம். 8.0-க்கு மாறிய வாரத்தில் பாக்கிப் பட்டியலை ‘வித்’ வைத்துத் திரும்ப எழுதினேன். மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாலே விளங்கியது. போஸ்ட்கிரெஸ்ஸில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 12-ஆம் பதிப்புக்கு முன்பு ‘வித்’ பகுதியைத் தனியாக ஓட்டி முடித்துவிட்டுத்தான் மேலே போகும். 12 முதல், ஒரே ஒரு தடவை பயன்படுத்தும் எளிய பகுதி என்றால் வெளிக் குவெரியோடு கலந்துவிடும். பழைய பதிப்பில் மெதுவாக இருந்தது புதியதில் வேகமாவதற்கும், சில சமயம் நேர்மாறாக ஆவதற்கும் இது ஒரு காரணம்.

12 மாத விற்பனையை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகக் காட்டும் ரிப்போர்ட்டில் ஒரே குவெரி 12 முறை, மாதத்தை மட்டும் மாற்றி எழுதியிருந்தது. அதை ஒரே செலக்ட் ஆக்கினேன். ஆண்டு முழுதையும் ஒரு தடவை படி, “ஏப்ரல் என்றால் தொகை, இல்லையென்றால் பூஜ்யம்” என்று கேஸ் வென் போட்டுக் கூட்டு, அப்படியே மார்ச் வரை. 12 தடவை படித்த டேபிளை ஒரு தடவை படிக்கிறது, அவ்வளவுதான்.

காலையில் லைன் ஆட்கள் போனில் பாக்கி பார்க்கும் ஆப் மெதுவாக இருந்ததற்குக் காரணம் குவெரிக்குள் இல்லை, புரோகிராமில் இருந்தது. முதலில் கடைகளின் பட்டியலை வாங்குகிறது, பிறகு ஒவ்வொரு கடைக்கும் ஒரு தடவை பாக்கியைக் கேட்கிறது. 180 கடை இருக்கும் லைன் என்றால் 181 குவெரி. ஒவ்வொன்றும் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது என்பதால் மெதுவான குவெரிகளின் பதிவில் எதுவுமே சிக்காது. லூப்பை எடுத்துவிட்டு, லைனுக்கு ஒரே குவெரியாக்கினேன். காலை ஏழரை மணிக்கு குடோன் வாசலில் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டு ஸ்கிரீன் நிரம்பக் காத்திருந்த பையன்கள் அதன் பிறகு காத்திருக்கவில்லை. இவ்வளவு வருட வேலையில் எனக்கு அதிக சந்தோஷம் கொடுத்தது அந்தத் திருத்தம்தான்.

2025 செப்டம்பரில் பெரிய சோதனை வந்தது. மருந்துகளின் ஜிஎஸ்டி செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைகிறது, 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை என்று அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த அன்றே ஃபோல்டரில் 1.12 என்ற எண்ணைத் தேடினேன். எம்ஆர்பியிலிருந்து வரியைப் பிரிக்க 1.12 ஆல் வகுக்கும் கணக்கு ஒரு காலத்தில் 14 ரிப்போர்ட்டுகளில் இருந்தது. அதையெல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்பே எடுத்து, வரி விகிதத்துக்கென்று ஒரு டேபிள் போட்டிருந்தேன். வரி வகை, விகிதம், எந்தத் தேதியிலிருந்து என்று மூன்றே ஃபீல்டு. பில் தேதிக்குப் பொருந்தும் விகிதத்தை ஒரு வியூ எடுத்துக் கொடுக்கும். தேடலில் மிஞ்சியது ஒரே ஃபைல்.

விகிதத்தை மாற்றி எழுதாமல், புதிய தேதியோடு டேபிளில் புதிய வரிசையாகச் சேர்க்கும்படி வைத்திருந்ததுதான் காப்பாற்றியது. பழைய வரிசையை அழித்து 5 என்று திருத்தியிருந்தால் ஆகஸ்ட் மாத ரிப்போர்ட்டும் 5 சதவீதத்தில் வந்திருக்கும். 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த டேபிளில் புது வரிசையைச் சேர்த்தேன், 33 மருந்துகளை வரியில்லாத வகைக்கு மாற்றினேன். இந்த இரண்டாவது வேலைதான் நேரம் எடுத்தது. பேக்கிங் வாரியாக, பிராண்டு வாரியாக ஒவ்வொன்றையும் பெயர் பார்த்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதைச் சுருக்க எந்தக் குவெரியும் உதவவில்லை. மருந்தியல் படித்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து, மருந்தின் மூலப் பெயரைச் சொல்லச் சொல்ல நான் டிக் போட்டேன். முடிக்க ஒன்றரை மணி ஆகிவிட்டது.

போன மாதம் அண்ணாச்சி ஒரு புது ரிப்போர்ட் கேட்டார். கம்பெனி வாரியாக, செப்டம்பர் 22-க்கு முன்பும் பின்பும் விற்பனை எவ்வளவு என்று. அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஆறு வரியில் எழுதி, பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, கால்குலேட்டரில் பில் பில்லாகக் கூட்டத் தொடங்கினார். எப்போதும் செய்வதுதான். நடுவில் நிமிர்ந்து பார்த்தார்.

“எக்ஸ்பைரி ரிட்டர்ன் இதுல கழிஞ்சிருக்கா, தம்பி?”

“கழிஞ்சிருக்கு அண்ணாச்சி. கணக்கு விற்பனைல எடுத்தது” என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் கூட்டத் தொடங்கினார்.